5 லட்சம் அபராதம் என்கிறார்கள், நடிக்கப் போகலாமா?

சிவகாசிப் பக்கத்திலிருந்து வந்து சாலிகிராமத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் 25 வயது இளைஞர் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரையும், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களையும் விட்டுவிட்டேன். பி.காம். முடித்து ஊரில் ஓர் ஆடிட்டரிடம் இரண்டு வருடம் வேலை பார்த்தவர். அம்மாவின் நகையை அடகு வைத்து, ரூ.85,000-ஐ ஒரே தவணையில் கட்டி, சென்னையில் ஒரு நடிப்புப் பயிற்சிப் பள்ளியில் ஆறு மாத வகுப்பில் சேர்ந்திருக்கிறார். மாதம் 20 வகுப்பு, ‘100% சினிமா வாய்ப்பு’ என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம். சேரும்போதே பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலையும் பட்டச் சான்றிதழையும் ஒரிஜினலாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். 100 ரூபாய் பத்திரத்தில் ஓர் ஒப்பந்தத்திலும் கையெழுத்து வாங்கினார்கள்.

இரண்டாவது மாதமே சொல்லிக்கொடுத்த ஆசிரியர் போய்விட்டார். இரண்டு பேட்ச்சை ஒன்றாகச் சேர்த்தார்கள். வாரத்துக்கு ஐந்து நாள் வகுப்பு இரண்டாகக் குறைந்தது. இதற்கிடையில் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் அறிமுகமான ‘கோஆர்டினேட்டர்’ ஒருவர், ஒரு படத்தில் ஹீரோவின் நண்பன் வேடம் என்று சொல்லி வளசரவாக்கத்தில் ஓர் அலுவலகத்தில் ஆடிஷன் வைத்தார். ‘ஆர்ட்டிஸ்ட் கார்டு, காஸ்ட்யூம் அட்வான்ஸ்’ என்று ஜிபேயில் ரூ.40,000 வாங்கினார். மறுவாரம் போன் ஸ்விட்ச்டு ஆஃப். அது நடந்து நான்கு மாதம் ஆகிறது. இவர் மூன்றாவது மாதத்தில் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டார். மொத்தம் நடந்தது 26 வகுப்பு என்று கணக்கு வைத்திருக்கிறார்.

இப்போது இவரே போட்டோ கொடுத்துவிட்டு வந்த ஒரு கம்பெனியிலிருந்து உதவி இயக்குநர் கூப்பிட்டு, வெப் சீரிஸ் ஒன்றில் நான்கு நாள் கால்ஷீட்டுக்குச் சின்ன வேடம் தந்திருக்கிறார். விஷயம் பள்ளிக்குத் தெரிந்துபோய், ‘ஒப்பந்தத்தை மீறினால் 5 லட்சம் கட்ட வேண்டும்’ என்று மிரட்டல். ‘நடிக்கப் போகலாமா? கட்டின பணம் முழுதும் திரும்பி வருமா? 420 கேஸ் போடலாமா? வாய்ப்புக்காகப் பணம் கொடுத்த என் மேலும் கேஸ் வருமா? புகார் கொடுத்தால் சினிமாவில் என்னை ஒதுக்கிவிடுவார்களா?’ என்று கேட்கிறார். சென்னை வந்தது கம்பெனி வேலைக்கு என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறாராம்.

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒப்பந்தத்தை நினைத்து ரொம்பப் பயப்படுகிறீர்கள். அவ்வளவு பயப்பட அதில் ஒன்றும் இல்லை. பணம் முழுதும் வந்துவிடும் என்று நம்புகிறீர்கள். அது அவ்வளவு சுலபம் இல்லை. ஒரே ஆட்கள் ஏமாற்றியதால் எல்லாவற்றையும் ஒரே புகாராக எழுதிக் காவல் நிலையத்தில் கொடுக்கலாம் என்பது உங்கள் எண்ணம். அப்படிக் கொடுத்தால், ‘இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க’ என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வகுப்புக் கட்டணம், சான்றிதழ், கோஆர்டினேட்டர் வாங்கிய பணம், ஒப்பந்தம் ஆகிய நான்கும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு. வேடம் கையில் இருப்பதால் ஒப்பந்தத்திலிருந்தே தொடங்குகிறேன்.

அந்த 11-வது ஷரத்து

ஒப்பந்தத்தின் நகல் உங்களிடம் இல்லை. கையெழுத்துப் போடும்போது ஒரு பக்கத்தை மட்டும் போனில் படம் எடுத்திருக்கிறீர்கள். நல்ல வேளை, 11-வது ஷரத்து, அதாவது உங்களைப் பயமுறுத்தும் நிபந்தனை, இருக்கும் பக்கம் அதுதான். பயிற்சி முடிந்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குப் பள்ளியின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் எந்தப் படத்திலும், சீரியலிலும், விளம்பரத்திலும் நடிக்கக் கூடாது, எங்கே நடித்தாலும் சம்பளத்தில் 30 சதவீதம் பள்ளிக்கு, மீறினால் ரூ.5 லட்சம். சாரம் இவ்வளவுதான்.

பத்திரத்தில் எழுதி நோட்டரி முத்திரையும் குத்திவிட்டதால் இனி ஒன்றும் செய்ய முடியாது என்று நினைக்கிறீர்கள். செல்லாத ஷரத்தை எந்தப் பத்திரத்தில் எழுதினாலும் அது செல்லாததுதான். 1872-ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு, ஒருவர் தன் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்தத் தடை அளவுக்குச் செல்லாது என்கிறது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானுக்கும் அவரை நிர்வகித்த பெர்செப்ட் டி’மார்க் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் தொடரும் கட்டுப்பாடு இந்தப் பிரிவின்படி செல்லாது என்றது. கலைஞர்கள், விளையாட்டு வீரர்களின் மேனேஜ்மென்ட் ஒப்பந்தங்களைப் பற்றி யார் கேட்டாலும் வக்கீல்களான நாங்கள் முதலில் எடுப்பது இந்தத் தீர்ப்பைத்தான்.

எதிர்த்தரப்பு வக்கீல் என்ன சொல்வார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘காலம் எங்கே முடிந்தது? ஐந்து வருடமும் நாங்கள்தான் அவருக்கு மேனேஜர், ஒப்பந்தம் இன்னும் நடப்பில் இருக்கிறது’ என்பார். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது வேறு இடத்தில் வேலை செய்யக் கூடாது என்ற ஷரத்தை, நியாயமாக இருந்தால், நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. இதற்கு 1967-இலிருந்தே தீர்ப்பு உண்டு. ஆனால் மேனேஜர் என்றால் மேனேஜர் வேலை பார்த்திருக்க வேண்டுமே! உங்களை ஒரு கம்பெனிக்காவது அழைத்துப் போனார்களா? ஓர் ஆடிஷனுக்காவது தேதி வாங்கித் தந்தார்களா? ஆறு மாதப் பயிற்சியைக்கூட முடித்துத் தராதவர்கள், பயிற்சி முடிந்ததும் தொடங்கும் ஷரத்தைக் காட்டுவது எப்படிப் பொருந்தும்?

அடுத்து அந்த 5 லட்சம். ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதாலேயே அவ்வளவு தொகையும் அவர்களுக்குச் சேர்ந்துவிடாது. அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். இழப்பே இல்லை என்றால் இழப்பீடும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. நான்கு நாள் சின்ன வேடத்தில் நீங்கள் நடிப்பதால் அவர்களுக்கு 5 லட்சம் எப்படிப் போனது என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

30 சதவீதம் கொஞ்சம் வேறு விஷயம். கமிஷன் கேட்பதே சட்டவிரோதம் இல்லை. அவர்கள் வாங்கித் தந்த வாய்ப்பாக இருந்தால் கொடுக்க வேண்டியிருக்கலாம். இது நீங்களே தேடிக்கொண்டது.

ஆகவே, போய் நடியுங்கள். ஆனால் அதற்கு முன் இரண்டு வேலை இருக்கிறது.

முதலாவது, பள்ளிக்கு ஒரு நோட்டீஸ். வகுப்புகள் குறைக்கப்பட்டது, ஆசிரியர் போனது, வாய்ப்பு எதுவும் தராதது ஆகியவற்றை எழுதி, ‘இதனால் ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன்’ என்று தெரிவியுங்கள். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். வக்கீல் மூலம் அனுப்பினால் மிரட்டல் சத்தம் குறையும் என்பது என் அனுபவம். கட்டாயம் இல்லை, நீங்களே எழுதினாலும் செல்லும்.

இரண்டாவது, சீரிஸ் கம்பெனியின் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ‘வேறு யாருடனும் எனக்கு ஒப்பந்தம் இல்லை, அப்படி இருந்து பிரச்சினை வந்தால் நஷ்டத்தை நானே ஏற்கிறேன்’ என்று ஒரு வரி பெரும்பாலும் அதில் இருக்கும். அதில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திட்டால், செல்லாத பழைய ஒப்பந்தத்துக்குப் பயந்து புதிய பொறியில் மாட்டிக்கொள்வீர்கள். உதவி இயக்குநரிடமும் புரொடக்‌ஷன் மேனேஜரிடமும் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லி, நோட்டீஸ் நகலைக் கொடுத்து, அந்த வரியை மாற்றித் தரச் சொல்லுங்கள். ‘எதுக்குப்பா வம்பு’ என்று அவர்கள் வேறு ஆளைப் போட்டுவிடலாம். அந்த ஆபத்து நிஜம்தான். ஆனால் பள்ளிக்காரர்கள் ஷூட்டிங் நடுவில் போன் போட்டு, அப்போது விஷயம் தெரிந்தால், இந்த வேடத்தோடு அந்த உதவி இயக்குநரின் நம்பிக்கையும் போகும்.

சான்றிதழ்கள்

இதில் உங்கள் பக்கம் சந்தேகத்துக்கே இடமில்லை. படிப்புச் சான்றிதழ் அடகுப் பொருள் இல்லை. கட்டணப் பாக்கி, பாண்டு என்று எந்தக் காரணம் சொன்னாலும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ள உரிமை கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. மருத்துவக் கல்லூரிக்கே அந்த உரிமை இல்லாதபோது நடிப்புப் பள்ளிக்கு எங்கிருந்து வரும்? நோட்டீஸிலேயே ஏழு நாள் கெடு வையுங்கள். தரவில்லை என்றால், பணத்தைப் பற்றிப் பேசாமல், சான்றிதழுக்காக மட்டும் ஒரு தனிப் புகாரைக் காவல் நிலையத்தில் கொடுங்கள். பல இடங்களில் ஸ்டேஷனிலிருந்து ஒரு போன் போனாலே கவர் வந்துவிடும். வாங்கும்போது லேமினேஷனைப் பார்த்துத் திருப்தியடையாமல், பதிவு எண்ணைச் சரிபார்த்து ஒரிஜினல்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ரூ.85,000

‘செலுத்திய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது’ என்று ரசீதின் அடியில் அச்சடித்திருக்கிறதாம். நுகர்வோர் ஆணையங்கள் இந்த வரியை வேதவாக்காக எடுத்துக்கொள்வதில்லை. முழுக் கோர்ஸுக்கும் மொத்தமாக முன்பணம் வாங்கிக்கொண்டு நடத்தாத வகுப்புக்கும் பணத்தை வைத்துக்கொண்ட பயிற்சி மையங்களுக்கு எதிராக உத்தரவுகள் வந்திருக்கின்றன. ‘கல்வி என்பது சேவை ஆகாது, எனவே நுகர்வோர் வழக்கே செல்லாது’ என்று அவர்கள் முதல் ஆட்சேபணை எழுப்புவார்கள். கல்லூரிகளைப் பொறுத்தவரை அந்த வாதத்துக்கு ஓரளவு பலம் உண்டு. ஆனால் பயிற்சி மையங்கள் நுகர்வோர் ஆணையத்தின் வரம்புக்குள் வரும் என்று தேசிய ஆணையத்தின் பெரிய அமர்வு 2020-இல் சொல்லியிருக்கிறது.

விளம்பரத்தைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு திருத்தம். பயிற்சி மையங்களின் தவறான விளம்பரங்களுக்கு 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டுதலைக் காட்டலாம் என்கிறீர்கள். அது நடனம், நாடகம் போன்ற கலைப் பயிற்சிகளுக்குப் பொருந்தாது என்று அதன் விளக்கத்திலேயே விலக்கு இருக்கிறது. அதை மேற்கோள் காட்டி முதல் நாளே கோட்டை விடாதீர்கள். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரம், நேர்மையற்ற வணிக நடைமுறை இரண்டுக்கும் பொதுவான பிரிவுகள் இருக்கின்றன, அவை போதும். ‘100% சினிமா வாய்ப்பு’ ரீல்ஸை இன்றே ஸ்கிரீன் ரெக்கார்டு செய்யுங்கள். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த அன்று மாலையே அது காணாமல் போகும்.

எவ்வளவு கேட்பது? முழுத் தொகையும் கேட்டால், ‘26 வகுப்புக்கு வந்தாரே’ என்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. 120 வகுப்புக்கு 85,000 என்றால் வகுப்புக்குச் சுமார் 708 ரூபாய். நடக்காத 94 வகுப்புக்கு ஏறக்குறைய ரூ.66,500 வருகிறது. ஆடிட்டரிடம் வேலை பார்த்த உங்களுக்கு இந்தக் கணக்கை நான் சொல்ல வேண்டியதில்லை. அதோடு மன உளைச்சலுக்கும் செலவுக்கும் ஒரு தொகை கேளுங்கள். நடுவில் அவர்கள் 50,000 தருகிறோம், சான்றிதழையும் ஒப்பந்தத்தையும் திருப்பித் தருகிறோம் என்று வந்தால், என்னைக் கேட்டால் வாங்கிக்கொண்டு எழுதி முடித்துக்கொள்ளுங்கள் என்பேன். சட்டம் மூன்று மாதத்தில் முடிக்கச் சொன்னாலும் வழக்கு இழுக்கும்.

நீங்களாக வருவதை நிறுத்தினீர்கள் என்பதுதான் அவர்களுடைய பெரிய ஆயுதமாக இருக்கும். ‘இன்று வகுப்பு இல்லை’ என்று வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒவ்வொரு செய்தியும் அதற்குப் பதில். குழுவிலிருந்து உங்களை நீக்குவதற்கு முன் மொத்தச் சாட்டையும் எக்ஸ்போர்ட் செய்து வைத்துவிடுங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்கான புகாரை நீங்கள் வசிக்கும் இடத்திலேயே கொடுக்கலாம். சென்னையிலும் கொடுக்கலாம், ஊர் முகவரியில் இருந்தால் உங்கள் மாவட்டத்துக்கான ஆணையம் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிடுங்கள். சில நேரம் அங்கேயே பேசி முடிந்துவிடும்.

கோஆர்டினேட்டர் வாங்கிய ரூ.40,000

காவல் நிலையத்துக்குப் போக வேண்டியது இதற்குத்தான். நீங்கள் சொல்லும் 420, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் மோசடிப் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவாகிவிட்டது. மோசடி என்று நிற்க வேண்டுமானால் பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். வகுப்பை ஒழுங்காக நடத்தாதது அதில் சுலபமாக அடங்காது. இல்லாத படத்துக்கு ஆடிஷன் வைத்துப் பணம் வாங்கிக்கொண்டு போனை அணைத்தது அடங்கும். அந்தப் படத்தின் பெயரைத் தயாரிப்பாளர் சங்கத்திலும் பிலிம் சேம்பரிலும் விசாரியுங்கள், தலைப்புகள் பெரும்பாலும் அங்கேதான் பதிவாகும். எங்கேயும் பதிவே இல்லை என்றால் புகாரில் அதையும் எழுதுங்கள்.

வாய்ப்புக்காகப் பணம் கொடுத்தது உங்கள் மேல் குற்றமாகாது. இது அரசு வேலைக்குக் கொடுத்த லஞ்சம் இல்லை. ஏமாந்தவர் நீங்கள், அப்படியே எழுதிக் கொடுங்கள். ஜிபே பரிவர்த்தனை எண், வங்கி ஸ்டேட்மென்ட், பள்ளியின் அட்மின் அந்த ஆளை வாட்ஸ்அப் குழுவில் அறிமுகப்படுத்திய செய்தி மூன்றையும் இணையுங்கள். ‘அவர் யாரோ, எங்களுக்குத் தெரியாது’ என்று பள்ளி இப்போது சொல்வது பொய் என்பதற்கு அந்தச் செய்திதான் சாட்சி. எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்றாலும் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். 1930 சைபர் உதவி எண்ணில் அன்றே சொல்லியிருந்தால் பணத்தை வழியில் முடக்கியிருக்க வாய்ப்பு இருந்தது. நான்கு மாதம் கழித்து அந்த வாய்ப்பு மிகக் குறைவு. அதனால் இந்த 40,000-ஐ வரவில் எழுதிவைக்காதீர்கள்.

‘ஆர்ட்டிஸ்ட் கார்டு’ பற்றி ஒன்று. சங்க உறுப்பினர் அட்டையைச் சங்கம்தான் தன் பெயரில் ரசீது போட்டுத் தரும். நடுவில் ஒருவர் ஜிபேயில் வாங்கித் தரும் பொருள் இல்லை அது. புதுமுகங்கள் அட்டை இல்லாமலேதான் முதல் வேடத்தில் நடிக்கிறார்கள். நடிகர் தேர்வு செய்பவருக்குச் சம்பளம் தருவது தயாரிப்பு நிறுவனம். நடிக்க வந்தவரிடம் பணம் கேட்கிற இடத்தில், என்ன பெயரில் கேட்டாலும், எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் பேட்ச்சில் இருந்த பெண்ணை அதே ஆள் இரவு ஹோட்டலுக்கு ‘டிஸ்கஷன்’ என்று கூப்பிட்டதாகவும், அவர் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வழக்குக்கு வலு சேர்க்கும் என்று அவரைக் கேட்காமல் அவர் பெயரைப் புகாரில் எழுதாதீர்கள். அது அவர் முடிவு. அவரிடம் பேச முடிந்தால் இதை மட்டும் சொல்லுங்கள்: பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, வேலையில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமானது இல்லை; பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடம் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவில் புகார் தரலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

ஒதுக்கிவிடுவார்களா?

ஒரு பயிற்சிப் பள்ளிக்காரர் சொல்லி உங்களை ஒதுக்கிவைக்கும் அளவுக்குச் சினிமா ஒரே வீடாக இல்லை. கோடம்பாக்கத்தில் ஒவ்வொரு கம்பெனியும் ஒரு தனி ராஜ்ஜியம். ஆனால் பள்ளியின் பெயரைச் சொல்லி வீடியோ போடப் போகிறேன் என்கிறீர்களே, அதை இப்போது செய்யாதீர்கள். உண்மையைச் சொன்னாலும் அவதூறு வழக்கில் அது உண்மை, பொது நன்மைக்காகச் சொன்னது என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். இன்று புகார்தாரராக இருக்கும் நீங்கள் நாளை குற்றம் சாட்டப்பட்டவராகிவிடுவீர்கள்.

நடிப்பு உங்களுக்கு வருமா என்று சொல்ல நான் ஆள் இல்லை. ‘அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி என்று நம்பித்தான் சேர்ந்தேன்’ என்று எழுதியிருப்பதால் இதைச் சொல்கிறேன். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது உத்யம் பதிவுச் சான்றிதழ். சிறு தொழில் செய்கிறோம் என்று யார் வேண்டுமானாலும் ஆன்லைனில் தாங்களே அறிவித்துப் பெறுவது அது. பாடத்துக்கோ ஆசிரியருக்கோ அங்கீகாரம் இல்லை. இன்னொரு இடத்தில் சேர்வதானால் யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பெயரோடு கேளுங்கள், ஒருநாள் வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள், மாதக் கட்டணம் மட்டும் கட்டுங்கள். 1977-இல் ந. முத்துசாமி தொடங்கிய நாடகக் குழுவான கூத்துப்பட்டறையிலிருந்து பசுபதி, குரு சோமசுந்தரம் போன்றவர்கள் வந்தார்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்காளராக இருந்தவர், உங்கள் பி.காமுக்கு அது ஓர் ஆறுதலாக இருக்கட்டும். டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் மூன்று வருடம் உதவித்தொகையோடு படிக்கலாம். நுழைவுத் தேர்வு கடினம்தான், ஆனால் வயது இருக்கிறது உங்களுக்கு.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. நோட்டீஸுக்குப் பதில், ஆணையத்தின் கடிதம், ஸ்டேஷன் சம்மன் எதுவாக இருந்தாலும் ஆதாரில் இருக்கும் முகவரிக்கு வந்துவிடலாம். உங்கள் ஆதாரில் இருப்பது ஊர் வீடு. தபால்காரர் வருவதற்கு முன் அப்பாவிடம் நீங்களே பேசிவிடுங்கள், முடிந்தால் இந்த வார இறுதிக்குள்.